"தேவர் அனையர் கயவர்": புகழ்ச்சி என்று எழுதின பிள்ளைக்கு என்ன சொல்லலாம்?

கொக்குவில் ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே வாங்கு போட்டு, உயர்தரக் கலைப்பிரிவுப் பிள்ளைகள் பதினொரு பேருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன சனிக்கிழமை கயமை அதிகாரத்தில் மூன்றாவது குறளைக் கொடுத்து, உரை பாராமல் பொருளும் அணியும் எழுதச் சொன்னேன்.

தேவர் அனையர் கயவர் அவருந்தாம்
மேவன செய்தொழுக லான்

ஒரு தம்பி எழுதினது இது: "கயவர்கள் தேவர்களைப் போல உயர்ந்தவர்கள் என்று வள்ளுவர் பாராட்டுகிறார். அனையர் என்ற உவம உருபு வந்திருப்பதால் இது உவமையணி." அவன் மந்தமான பிள்ளை இல்லை, வகுப்பிலேயே கெட்டிக்காரன். அதுதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. போல, அன்ன, அனைய, நிகர் என்று உருபுகளைப் பாடமாக்கச் சொன்னதே நான்தான். அவன் அந்த உருபைத் தேடினான், கண்டுபிடித்தான், எழுதினான். ஆனால் உள்ளே வைத்து இகழ்கிற பேச்சுக்கு எந்த உருபும் இல்லையே. சொல் ஒன்றாகவும் கருத்து அதற்கு எதிராகவும் நிற்கிற இடத்தைப் பிள்ளை தானாகவே பிடிக்க வேண்டும் என்றால் எதைப் பார்க்கச் சொல்லவேண்டும்? நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், அல்லது உங்களுக்கு எப்படி விளங்கினது?

செம்பாட்டான்

ரீச்சர், நான் படிப்பிக்கிறவன் இல்லை, நீர்வேலியில் வாழைத் தோட்டம். ஆனால் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்னுடைய கடைசி மகள் ஒன்பது மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு குசினிக்கு வந்தாள். மனைவி அடுப்படியில் நின்றபடி திரும்பிப் பாராமலே "நல்ல வெள்ளனத்தான் எழும்பியிருக்கிறாய்" என்றா. பிள்ளைக்கு ஏழு வயது. ஒரு சொல்லும் கதையாமல் பல்லு விளக்கப் போய்விட்டாள். வெள்ளன என்றால் விடியற்காலை என்று அவளுக்குத் தெரியும், மணி ஒன்பது என்பதும் தெரியும், அம்மா திரும்பிப் பார்க்கவில்லை என்பதையும் கண்டாள். அந்தத் "தான்" என்ற அசை வேறு காதில் விழுந்தது.

கடதாசியில் வரும்போது மணிக்கூடும் இல்லை, அம்மாவின் முதுகும் இல்லை. சொல் மட்டும்தான் மிச்சம். ஏழு வயதுப் பிள்ளைக்கே விளங்குகிற விசயம் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் பேப்பரில் விளங்கவில்லை என்றால், அவனுக்கு இடமும் ஆளும் காட்டாமல் சொல்லை மட்டும் கொடுத்திருக்கிறோம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஓலைச்சுவடி

தம்பி சொன்னது சரி. அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நம் முன்னோர் இதற்குப் பெயர் வைக்காமல் விட்டுவிடவில்லை. தொல்காப்பியச் செய்யுளியலில் அங்கதம், அதாவது வசை, இரண்டு வகை: நேரே வைதால் செம்பொருள் அங்கதம், மறைத்துச் சொன்னால் பழிகரப்பு அங்கதம். "மொழிகரந்து மொழியின் அது பழிகரப்பு ஆகும்." சொல்லைக் கரந்து வைப்பது என்ற அந்த விளக்கத்தைவிடத் தெளிவாக எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. நம் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1885இல் பொருளதிகாரத்தை அச்சேற்றியதால் கையில் கிடைத்த செல்வம் இது, பிள்ளைகள் அந்தப் பக்கத்தையாவது ஒருமுறை வாசிக்கவேண்டும்.

இந்தக் குறளுக்குப் பரிமேலழகரே வழி காட்டியிருக்கிறார். புகழ்ந்தார் போலப் பழித்தவாறு என்பது அவர் உரை. இன்றைக்கு எல்லாவற்றையும் "முரண்நகை" (irony) என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழிகரப்பு வேறு, புகழ்வது போலப் பழிக்கிற வஞ்சப்புகழ்ச்சி வேறு, கதையில் நடக்கிற விதியின் முரண் வேறு. பெயர் தெளிந்தால் பொருள் தெளியும்.

வடலி

ஐயா, குறை நினைக்காதேங்கோ, எனக்கு அது மற்றப்பக்கம்தான் நடந்தது. பொருள் தெளிந்த பிறகுதான் பெயர் தெளிந்தது. பள்ளிக்கூடத்தில் தண்டியலங்காரத்தின் 35 பொருளணியையும் வரிசையாகச் சொல்லுவேன், ஆனால் ஒரு பாட்டைக் கையில் தந்தால் முழிப்பேன். பிறகு ஒரு நாள் குறுந்தொகை எட்டாம் பாட்டை வாசித்தேன். அந்த ஒரு பாட்டு எனக்கு எல்லாக் கதவையும் திறந்துவிட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்இல் பெருமொழி கூறித் தம்இல்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

ஆலங்குடி வங்கனார் பாடியது. ஆறே வரிதான். இதில் சும்மா வாசிக்கிற கண்ணுக்கு முதலில் படுவது "போல". கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறவள் கையைத் தூக்கினால் உள்ளே இருக்கிற உருவமும் கையைத் தூக்கும், காலைத் தூக்கினால் காலைத் தூக்கும். அவன் தன் வீட்டில் அப்படி ஆடுகிறான். இது வெளியில் நிற்கிற உவமை, உருபைத் தேடுகிற பிள்ளை இதைப் பிடித்துவிடும்.

ஆனால் இதைச் சொல்கிறது யார்? அங்கேதான் எல்லாம் இருக்கிறது. மனைவி இல்லை. அவன் போய்வருகிற பரத்தை. மனைவி தன்னைப் பற்றிக் குறைவாகப் பேசினாள் என்று கேள்விப்பட்டு, மனைவியின் ஆட்களுடைய காதில் விழும்படி சொல்கிறாள். இதைத் தெரிந்துகொண்டு திரும்ப வாசித்துப் பாருங்கோ. "எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசினான், தன் வீட்டில் பொம்மை." அவள் அவனைப் பற்றிப் பேசுவது போல இருக்கிறது, அடி விழுவது மனைவிக்கு. கடைசிச் சொல்லைப் பாருங்கோ: "தன் புதல்வன் தாய்". மனைவி என்று சொல்லவில்லை, காதலி என்று சொல்லவில்லை. "அவன் பெடியனுடைய அம்மா." நம் ஊரில் ஒரு பெண்ணை அப்படிச் சுட்டினால் அதில் என்ன இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் மரியாதையான சொல், தாய் என்பதைவிட மரியாதை ஏது? அந்த மரியாதையே குத்து.

இந்த இடத்தில் உருபும் இல்லை, "தான்" என்ற அசையும் இல்லை. சொல்கிறவள் யார், கேட்கிறவள் யார் என்பது மட்டும்தான் இருக்கிறது. சங்கப் பாட்டுக்குக் கீழே கூற்று என்று, யார் யாருக்குச் சொன்னது என்று, ஒரு வரி போட்டிருக்கிறதே, அதை நாங்கள் பரீட்சைக்காகப் பாடமாக்கி விட்டுவிடுகிறோம். அது செம்பாட்டான் அண்ணை சொன்ன மணிக்கூடும் அம்மாவின் முதுகும்.

ரீச்சர், இன்னொன்றும் கண்ணில் பட்டது. "மேவன செய்யும்" என்று இங்கேயும் வருகிறது, உங்கள் குறளிலும் "மேவன செய்தொழுகலான்" என்று வருகிறது. அங்கே தன் விருப்பப்படி செய்கிறவன், இங்கே அவள் விருப்பப்படி செய்கிறவன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்பில் கேட்டுப் பாருங்கோ.

கலைப்பிரிவு மாணவன்

நான் ரீச்சருடைய வகுப்பு இல்லை, ஆனால் நானும் அந்தக் குறளுக்கு உவமையணி என்றுதான் எழுதியிருப்பேன். வடலி அக்காவிடம் ஒரு கேள்வி. முதல் இரண்டு வரியில் வருகிற மாம்பழமும் வாளை மீனும் சும்மா ஊர் வருணனையா, அல்லது அதற்கும் உள்ளே ஏதாவது இருக்கிறதா? எங்கட புத்தகத்தில் உள்ளுறை, அதாவது வருணனைக்குள் மறைந்திருக்கிற பொருள், என்று போட்டிருக்கிறது. எப்படி நிச்சயமாகச் சொல்கிறது? வயல் என்றால் மீன் இருக்கும்தானே. எல்லா மீனையும் ஆள் என்று எடுத்தால் பிறகு எதுவும் மீனாக இருக்காது.

வடலி

தம்பி, நல்ல கேள்வி, நானும் இதே இடத்தில் நின்று யோசித்தேன். முதலில் வாக்கியம் எங்கே போய் ஒட்டுகிறது என்று பார். "பழத்தை வாளை கவ்வும் ஊரன்." வருணனை தனியாக நிற்கவில்லை, நேராக அவன் கழுத்தில் போய் விழுகிறது. அடுத்தது வினைச்சொல்லைப் பார். மீன் மரத்தில் ஏறவில்லை. பழம் "உகு" பழம், விளைந்து தானாக விழுகிறது, குளத்தில் இருந்த மீன் வாயைத் திறந்து கவ்வினது, அவ்வளவுதான். இப்போது சொல்கிறவள் பரத்தை என்று நினைத்துக்கொண்டு இதை வாசி. "நான் அவனைத் தேடிப் போகவில்லை, அவனாக வந்து விழுந்தான்." அவள் மேல் வந்த பழிக்கு அவள் சொல்கிற பதில் முழுவதும் அந்த மீனுக்குள் இருக்கிறது.

வருணனையை எடுத்துவிட்டுப் பாட்டை வாசித்துப் பார். கோபம் மிஞ்சும், பதில் காணாமல் போய்விடும். எடுத்தால் பாட்டு குறைகிறது என்றால் அது சும்மா வருணனை இல்லை. நான் வைத்திருக்கிற சோதனை இது ஒன்றுதான்.

கம்மாலை வீடு

இந்த உரையாடலை இரண்டு நாளாக வாசிக்கிறேன். புறநானூறு 95ஐ ஒருவரும் தொடவில்லையே என்று எழுத வந்தேன். அது என் பாட்டு என்று நினைக்கிறவன் நான், ஏனென்றால் என் அப்பா கொல்லர்.

ஒளவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறா. அவன் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். ஒளவை பார்த்துச் சொல்கிறா: இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் உள்ள பெரிய வீட்டில் இருக்கின்றன. அவையோ, பகைவரைக் குத்திக் பக்கமும் நுனியும் சிதைந்து, "கொல்துறைக் குற்றில மாதோ", கொல்லனுடைய சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன.

பள்ளிக்கூடத்தில் ரீச்சர் இதை வாசித்தபோது வகுப்பில் பலருக்கு இது தொண்டைமானுக்குப் புகழ்ச்சி என்றே பட்டது. பீலி, மாலை, நெய் எல்லாம் அழகான சொற்கள்தானே. எனக்கு உடனே விளங்கினது. எங்கள் கம்மாலையில் சுவரோரம் கிடக்கிற மண்வெட்டிகள் எல்லாம் முனை தேய்ந்தவை, வாய் மடிந்தவை, காம்பு வெடித்தவை. அப்பா உலையில் காய்ச்சி அடித்துக் கொடுப்பார், மாரி தொடங்க முன்னர் வந்து வரிசையில் நிற்பார்கள். யாருடையது எது என்று கேட்காமலே சொல்லுவார், ஏனென்றால் ஒவ்வொருவரும் கொத்துகிற விதத்தில் அலகு ஒவ்வொரு மாதிரித் தேயும். புது மண்வெட்டி பளபளவென்று கடையில் தொங்கும். அது இன்னும் மண்ணைக் காணவில்லை என்பதுதான் அந்தப் பளபளப்பின் அர்த்தம்.

ஒளவை தொண்டைமானிடம் "உன் வேல் போர் கண்டதில்லை" என்று எங்கேயும் சொல்லவில்லை. நெய் பூசியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறா, அது உண்மையும்கூட. அவன் முகத்துக்கு நேரே, அவன் அரண்மனையில் நின்று, ஒரு பொய்யும் சொல்லாமல், ஒரு வசையும் சொல்லாமல் சொல்கிறா. இதைச் சொல்கிறபோது அவன் கையில் அவ்வளவு வேலும் இருந்தது என்பதையும் பிள்ளைகளுக்கு நினைவுபடுத்துங்கோ. எனக்கு இன்றைக்கும் அந்தக் "குற்றில" என்ற சொல்லில் நெஞ்சு அடைக்கும். எங்கள் கொட்டிலைப் பெருமையாகச் சொன்ன ஒரு வரி தமிழில் இருக்கிறது.

கரவெட்டி வாசகி

கம்மாலை வீடு எழுதினதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, நன்றி. ஆனால் நான் ஒரு எச்சரிக்கையோடு வந்தேன்.

உள்ளே ஏதோ இருக்கிறது என்று தேடுகிற பழக்கம் வந்துவிட்டால், இல்லாத இடத்திலும் அது தெரியும். இதற்குச் சிலப்பதிகாரத்தைவிட வேறு சாட்சி வேண்டாம். புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிக் கானல்வரி பாடுகிறான். இவன் வேறு ஒருத்தியை நினைத்துப் பாடுகிறான் என்று மாதவி எண்ணி, தானும் வேறு ஒருவனை நினைத்தவள் போலப் பாடுகிறாள். அவளுக்கு அது ஊடலும் விளையாட்டும். அவனோ அதை வாக்குமூலமாக எடுத்து, "மாயத்தாள் பாடினாள்" என்று முடிவுகட்டி எழுந்து போகிறான். பாட்டில் பேசுகிற பெண்ணும் பாடுகிற மாதவியும் ஒன்று என்று நினைத்துவிட்டான். அந்த வாசிப்புப் பிழையிலிருந்துதான் மதுரை வரைக்கும் எல்லாம் வந்தது. கூற்று யாருடையது என்று வடலி கேட்ட கேள்வியைக் கோவலன் கேட்கவில்லை.

அதேபோல ஒரு சந்தேகம். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் கத்தரி வெருளிப் பாட்டு, "கத்தரித் தோட்டத்து மத்தியிலே நின்று காவல் புரிகின்ற சேவகா". இதை வஞ்சப்புகழ்ச்சிக்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுக்கிற ஆட்களைக் கண்டிருக்கிறேன். வைக்கோல் பொம்மையைச் சேவகன் என்று கூப்பிடுவதால் கேலி என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. வெருளியோடு கதைக்கிற குழந்தையின் குரல் அது, அதற்கு அது உண்மையாகவே சேவகன்தான்.

செம்பாட்டான்

தங்கச்சி, என் தோட்டத்திலும் வெருளி நிற்கிறது. என் சின்ன மகள் அதற்குத் திருநீறு பூசிவிட்டு வருவாள். நீங்கள் சொன்னதுதான் சரி.

ஓலைச்சுவடி

கானல்வரியை இந்த இடத்தில் கொண்டுவந்தது மிகப் பொருத்தம். நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: பெயர் மட்டும் போதாது. மதுரை மதில் கொடியை எல்லாருக்கும் தெரியும். கோவலனும் கண்ணகியும் வரும்போது காற்றில் ஆடுகிற கொடி "வாரல் என்பனபோல் மறித்துக் கைகாட்ட" நிற்கிறது, வராதே என்று. கம்பனில் மிதிலைக்கு இராமன் வருகிறான், அங்கேயும் கொடி கை நீட்டுகிறது, "ஒல்லை வா" என்று அழைக்கிறது. இயல்பாக நடக்கிறதில் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்வதால் இரண்டுக்கும் தற்குறிப்பேற்றம் என்று ஒரே பெயர். ஆனால் இளங்கோவின் கொடி சொல்கிறது கோவலனுக்குக் கேட்கவில்லை, வாசிக்கிற எங்களுக்குக் கேட்கிறது. அவன் நடந்து உள்ளே போகிறான். அணியின் பெயரை எழுதிவிட்டுப் பேனையை மூடுகிற பிள்ளைக்கு அந்த நடை தெரியாமல் போய்விடும். இத்தனை ஆண்டு படிப்பித்த நானும் அந்த இடத்தில் பெயரோடு நிறுத்தியிருக்கிறேன்.

வடலி

ஐயா, நீங்கள் இதைச் சொன்னதற்கு நன்றி. விதியின் முரண் வேறு என்று முதலில் சொன்னீர்களே, அதற்கு நம் ஊர் உதாரணம் ஒன்று. அளவெட்டி மஹாகவியின் "தேரும் திங்களும்". ஊரெல்லாம் கூடித் தேர் இழுக்கிறது, தானும் வடம் பிடிக்கலாம் என்று ஒருவன் வருகிறான், சாதி சொல்லி அவனை அடித்து விழுத்துகிறார்கள். முந்தநாள் நிலவைத் தொட்டு வந்த மனிதனின் சுற்றம் மண்ணில் புரள்கிறது. கவிஞர் ஒரு வசைச்சொல் சொல்லவில்லை, ஒன்றைப் புகழவும் இல்லை. 1969இல் நிலவில் நடந்ததையும் தேர்முட்டியில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இதற்குப் பழிகரப்பு என்ற பெயர் பொருந்தாது, அதனால்தான் எனக்கு முரண்நகை என்ற புதுச்சொல்லும் தேவைப்படுகிறது.

கொக்குவில் ரீச்சர்

எல்லாருக்கும் நன்றி. நேற்று வகுப்பு நடந்தது, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் அணி என்ற சொல்லையே எடுக்கவில்லை. கயமை அதிகாரம் பத்துக் குறளையும் ஒன்றாகக் கொடுத்து, வள்ளுவருக்கு இந்த ஆட்களைப் பிடிக்குமா பிடிக்காதா என்று மட்டும் கேட்டேன். எட்டாவது குறளுக்கு வந்தபோது, "கரும்புபோல் கொல்லப் பயன்படும் கீழ்", ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "ரீச்சர், இங்கே இவர்களைக் கரும்பு மாதிரி நசுக்கினால்தான் பயன் என்கிறார், அங்கே தேவர் என்கிறார், ஒரே ஆள் இரண்டையும் எப்படிச் சொல்லலாம்?" என்றாள். அந்தக் கேள்வி வந்தவுடனே மற்றது தானாக அவிழ்ந்தது. கரும்பு உவமை முழுக்கப் பொருந்துகிறது. தேவர் உவமை ஒரே ஒரு புள்ளியில் மட்டும் பொருந்துகிறது: நினைத்ததைச் செய்வது, கேட்க ஆள் இல்லை. மற்ற எந்தப் பக்கம் திருப்பினாலும் கழன்று விழுகிறது, அந்த ஒரு புள்ளியை வள்ளுவர் தெரிந்தேதான் எடுத்தார் என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

அந்தத் தம்பி திரும்ப எழுதினான். உவமையணி என்பதை வெட்டவில்லை. அதற்குக் கீழே, "உவமை வடிவில் வந்த பழிப்பு. தேவர் என்ற சொல்லை எடுத்துப் பார்த்தால் 'தம் விருப்பப்படி நடப்பவர்' என்ற வசை மட்டும் மிஞ்சுகிறது" என்று எழுதியிருந்தான். முதல் விடையை வெட்டாமல் விட்டதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் போகும்போது அவன் ஒன்று கேட்டான், அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. "ரீச்சர், கயவர் தேவர் மாதிரி என்றால், அந்த ஒரு விசயத்தில் தேவரும் கயவர் மாதிரித்தானே? வள்ளுவர் தேவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறாரா?" ஓலைச்சுவடி ஐயா, இதற்கு நீங்கள் என்ன சொல்லுவீர்கள்?

ஓலைச்சுவடி

தேவரிடத்தில் அது உயர்ச்சி, கயவரிடத்தில் இழிவு என்று உரை பிரித்துக் காட்டுகிறது. ஒரே செயல், செய்கிற ஆளால் தரம் மாறுகிறது என்பது அதன் கருத்து. எனக்கு அது போதும். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் போதாது என்றால் அவனை அடக்கவேண்டாம். அவன் எழுதுவதை எனக்கும் அனுப்புங்கள், வாசிக்க ஆசையாக இருக்கிறது.

கொக்குவில் ரீச்சர்

அனுப்புகிறேன் ஐயா. வாற சனிக்கிழமை புறம் 95, உரை இல்லாமல். கம்மாலை வீடு, உங்கள் அப்பா சம்மதித்தால் முனை தேய்ந்த மண்வெட்டி ஒன்றை வகுப்புக்குக் கடன் வாங்க வரலாமா?

கம்மாலை வீடு

வாங்கோ ரீச்சர். அப்பா இப்போது உலையில் நிற்கிறதில்லை, தம்பிதான் பார்க்கிறான். ஆனால் அப்பாவிடம் சொன்னேன், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் உலை தெரியாதாம்.